திறந்த உலகக் கார் கேம்கள்: நகரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “நண்பர்கள் எல்லோரும் ஜீடிஏ, நீட் ஃபோர் ஸ்பீட் என்று நகரத்துக்குள் கார் ஓடும் கேம்களிலேயே கிடக்கிறார்கள். ரேஸ் முடிந்த பிறகும் சும்மா சுற்றுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? என்னிடம் இருப்பது ஒரு பழைய லெப்டொப். டேட்டாவும் குறைவு. எதில் தொடங்கலாம்? அடுத்த வருடம் லைசென்ஸ் எடுக்க இருக்கிறேன், அதற்கும் உதவுமா?”

தம்பி, அந்தச் சும்மா சுற்றுவதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ரேஸ் ஒரு சாட்டு. ஒரு நகரத்தைத் தெருத் தெருவாகப் பாடமாக்கி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு போகிற அளவுக்கு அதைத் தன்வசப்படுத்துவதுதான் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே வருவதை நினைத்துப் பாருங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, பிறகு கிளிநொச்சி, பரந்தன். ஓடுகிறவர் திசையைப் பற்றி யோசிக்க வேண்டிய பெரிய இடங்கள் சிலதான். புளியங்குளத்தில் நெடுங்கேணிக்குத் திரும்பலாம். மாங்குளத்தில் கிழக்கே ஒட்டுசுட்டான் பக்கமோ மேற்கே மல்லாவிப் பக்கமோ போகலாம். பரந்தனில் பூநகரி ஒரு பக்கம், புதுக்குடியிருப்பு மறுபக்கம். இடையில் உள்ளதெல்லாம் நேர் வீதி. நகரக் கேமிலோ நூறு நூற்றைம்பது மீற்றருக்கு ஒரு சந்தி வரும். மணிக்கு 120 கிலோமீற்றரில் போனால் நூறு மீற்றரைக் கடக்க மூன்றே செக்கன். ஆக, மூன்று நான்கு செக்கனுக்கு ஒருமுறை திரும்புவதா, நேரே போவதா, பிறேக் பிடிப்பதா, ஒழுங்கைக்குள் நுழைவதா என்று மூளை முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த முடிவுகளின் நெருக்கம்தான் ருசி. வேகம் அந்த நெருக்கத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே.

இதை நன்றாக விளங்கிக்கொண்டு செய்யப்பட்ட கேம் கிரைட்டீரியன் நிறுவனம் உருவாக்கி 2008இல் வெளிவந்த ‘பேர்ன்அவுட் பரடைஸ்’. அதில் ரேஸ் தொடங்குவதற்கு மெனு இல்லை. சிக்னல் லைட் உள்ள ஏதாவது ஒரு சந்தியில் காரை நிறுத்தி, அக்சிலரேட்டரையும் பிறேக்கையும் ஒன்றாக அழுத்தினால் அந்த இடத்திலேயே ரேஸ் ஆரம்பிக்கும். வீதியில் வழிகாட்டும் கோடு கிடையாது, தடுப்பு கிடையாது. முடிவிடத்துக்கு எந்தத் தெருவாலும் போகலாம். திரும்ப வேண்டிய இடம் நெருங்கும்போது திரையின் மேல் பக்கத்தில் அந்தத் தெருவின் பெயர் மினுங்கும், அதுதான் உதவி. முழு நகரத்துக்கும் முடிவிடங்கள் எட்டே எட்டு. ஒன்று மலையிலுள்ள வானாய்வு நிலையம், இன்னொன்று காற்றாலைப் பண்ணை, இப்படி. ஆரம்பத்தில் பெயர் மினுங்குவதைக் கண்டு திரும்புவதற்குள் சந்தி தாண்டிவிடும். சில நாள் போன பிறகு மேலே பார்க்கவே தேவைப்படாது. காற்றாலைப் பண்ணை என்றதும் எந்தப் பாலத்தால் போவது, எந்த வேலியை உடைத்தால் மூலை மிச்சம் என்று கை தானாகப் போகும். உடைக்கக்கூடிய மஞ்சள் வேலிகள் 400 இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறுக்குவழி.

2002இல் பிளேஸ்டேஷன் 2இல் வந்த ‘தி கெட்டவே’ இன்னும் ஒரு படி மேலே போனது. லண்டன் நகரம். திரையில் வரைபடமே இல்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்க இன்டிகேட்டர் காரில் மினுங்கும். அதைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். இப்போது வரும் கேம்களில் வீதியில் நீலக்கோடு போட்டுத் தந்துவிடுகிறார்கள். கோட்டைப் பார்த்து ஓடுகிறவர் நகரத்தைப் பார்ப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கேமை எடுத்தாலும் முதல் சில நாளுக்குப் பிறகு செட்டிங்ஸில் போய் அந்தக் கோட்டையும் சின்ன வரைபடத்தையும் நிறுத்தி ஓடிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் நண்பர்கள் ஏன் சுற்றுகிறார்கள் என்று விளங்கும்.

இன்னொன்று, இந்த நகரங்கள் நாம் நினைக்கிற அளவு பெரியவை அல்ல. 2004இல் வந்த ‘ஜீடிஏ சான் அன்ட்ரியாஸ்’ கேமின் முழு நிலப்பரப்பும் ஏறக்குறைய ஆறு கிலோமீற்றருக்கு ஆறு கிலோமீற்றர். கிளிநொச்சி நகரிலிருந்து பரந்தன் சந்தியைக் கொஞ்சம் தாண்டினால் வரும் தூரம்தான் ஒரு பக்கம். அதற்குள் மூன்று நகரம், ஒரு பாலைவனம், ஒரு மலை, காடு, விமான நிலையங்கள். ஆனால் ஓடும்போது பெரிய நாடு போலத் தெரியும். காரணம், நேரே போக விடமாட்டார்கள். வீதியை வளைப்பார்கள், மலையை இடையில் வைப்பார்கள், ஒரு நகரத்திலிருந்து மற்றதை மறைப்பார்கள். நேரத்தையும் சுருக்கியிருப்பார்கள். அந்தக் கேமில் ஒரு நிமிடம் நம் ஒரு செக்கன், ஒரு நாள் 24 நிமிடத்தில் முடிந்துவிடும். ‘ஜீடிஏ 5’ இல் ஒரு நாளுக்கு 48 நிமிடம். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடுவதால் நெடுந்தூரம் வந்த உணர்வு வருகிறது.

ஏன் நகரம், ஏன் நம் பக்கம் போன்ற வெட்டவெளி இல்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கேம் ஒன்று செக்கனுக்கு 30 அல்லது 60 படம் வரைய வேண்டும். நகரத்தில் ஒரு கட்டடம் தனக்குப் பின்னால் இருக்கும் பத்துக் கட்டடத்தை மறைத்துவிடும், மறைந்ததை வரையத் தேவையில்லை. ஏ9 போன்ற நேர் வீதியை, இரு பக்கமும் வயலும் பனையுமாக, கேமில் செய்தால் கிலோமீற்றர் கணக்கில் எல்லாமே ஒரே நேரத்தில் தெரியும். ஒவ்வொரு பனையையும் வரைந்தாக வேண்டும். பார்க்க எளிமையான இடம்தான் கம்பியூட்டருக்குக் கடினமான இடம். அதோடு, வேக உணர்வு கண்ணின் ஓரத்தில் கடந்து போகும் பொருள்களால் வருகிறது. மதில், லைட் கம்பம், நிறுத்திய வாகனம் எல்லாம் கிட்டத்தில் பறந்தால் 80 கிலோமீற்றரே பயமூட்டும். வெட்டவெளியில் 150இல் போனாலும் ஊர்வது போல இருக்கும். அதனால்தான் நகர ரேஸ் கேம்களில் கமராவை நிலத்துக்குக் கிட்ட வைக்கிறார்கள்.

மற்ற வாகனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழு நகரத்திலும் வாகனங்கள் ஓடிக்கொண்டிருப்பதில்லை. உங்களைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குள் மட்டும், கண்ணுக்குப் படாத மூலையில் உருவாகி, நீங்கள் தாண்டியதும் அழிந்துவிடும். பழைய ஜீடிஏ கேம்களில் நீங்கள் ஒரு அபூர்வமான காரை எடுத்ததும் அதே கார் தெருவெல்லாம் ஓடத் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். நினைவகத்தில் ஒரே நேரத்தில் சில வகைக் கார்களை மட்டும்தான் வைத்திருக்க முடியும். நீங்கள் ஓடும் கார் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் கேம் அதையே திரும்பத் திரும்பப் பாவிக்கிறது.

இந்த வகைக்கு வழிகாட்டிய கேம்களில் இரண்டு 1999இல் வந்தன. ‘மிட்டவுன் மேட்னஸ்’ சிக்காகோவில் நடந்தது. சிக்னலுக்கு நிற்கும் வாகனங்கள், தூக்கும் பாலங்கள் எல்லாம் அதில் இருந்தன. ‘டிரைவர்’ மயாமி, சான் பிரான்சிஸ்கோ, லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் என நான்கு நகரங்களைக் கொண்டது. 2001இல் ‘ஜீடிஏ 3’ வந்தது, பிறகு எல்லோருக்கும் தெரியும். அந்த வருடங்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தேசிய மின்சாரம் இருக்கவில்லை. அதனால் 2004, 2005இல் வந்த கேம்கள் இங்கே பலருக்கு இன்னும் புதுசுதான். அதில் நட்டம் எதுவும் இல்லை. பழைய லெப்டொப்பில் நன்றாக ஓடுவதும் அவைதான்.

இனி உங்கள் லெப்டொப். 4 ஜிபி ரம் (தற்காலிக நினைவகம்), தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குச் சரியானவை ‘சான் அன்ட்ரியாஸ்’ பழைய பதிப்பு, ‘நீட் ஃபோர் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2’, 2005இன் ‘மோஸ்ட் வோன்டட்’, 2002இன் ‘மாஃபியா’. முதல் மூன்றுக்கும் கேட்கப்பட்ட ரம் 256 எம்பிதான். 2021இல் வந்த ‘சான் அன்ட்ரியாஸ்’ புதிய பதிப்பை வாங்கிவிடாதீர்கள். அதற்குக் குறைந்தது 8 ஜிபி ரம்மும் தனிக் கார்ட்டும் வேண்டும், உங்கள் லெப்டொப்பில் ஓடாது. அதை விற்பதற்காகப் பழைய பதிப்பை ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையிலிருந்து நீக்கியது மிகவும் பிழையான வேலை. ஏற்கெனவே வாங்கியவர்களிடமோ பழைய டிஸ்க்கிலோதான் தேட வேண்டும். ‘பேர்ன்அவுட் பரடைஸ்’ கொஞ்சம் புதிய கிராபிக்ஸ் கேட்கும், செட்டிங்ஸைக் குறைத்தால் ஓடும். ‘ஜீடிஏ 5’ 4 ஜிபியில் திறக்கும், ஆனால் தனிக் கார்ட் இல்லாமல் ஓடினால் சந்தோஷம் இருக்காது. 8 ஜிபி ஆன பிறகு பாருங்கள். ரம் கூட்டும்போது ஒரு 8 ஜிபியை விட இரண்டு 4 ஜிபி போடுவது நல்லது. தனிக் கார்ட் இல்லாத லெப்டொப்பில் கிராபிக்ஸும் ரம்மைத்தான் பாவிக்கிறது. இரண்டு துண்டு போட்டால் இரண்டு வழியாலும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

‘சான் அன்ட்ரியாஸ்’ கேமில் வழமையாக வரும் கோளாறுகள் சில. விண்டோஸ் 10இல் மவுஸ் வேலை செய்யாவிட்டால், அல்லது திரையின் அளவை மாற்றிய பிறகு கேம் திறக்காவிட்டால், டொகியுமென்ட்ஸுக்குள் இருக்கும் கேமின் கோப்புறையைத் திறந்து, ‘செட்’ என்று முடியும் கோப்பை மட்டும் அழித்துவிடுங்கள். செட்டிங்ஸ் புதிதாக உருவாகும். அதே கோப்புறையில் ‘பி’ என்று முடியும் எட்டு வரையான கோப்புகள் நீங்கள் சேமித்த ஆட்டங்கள். அவற்றைத் தொடாதீர்கள். சொல்லப்போனால் வாரம் ஒருமுறை பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள், ஏனென்றால் சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் கோப்பு பழுதாகிவிடும். லெப்டொப் பற்றரி இறந்துபோய் நேரே வயரில் ஓடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். டிஸ்பிளே செட்டிங்ஸில் ‘ஃப்ரேம் லிமிட்டர்’ (செக்கனுக்கு வரையும் படங்களுக்கான வரம்பு) என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்தாதீர்கள். அந்தக் கேமின் இயக்கக் கணக்கு படங்களின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வேகம் கூடினால் நீந்துவது மந்தமாகும், காரின் போக்கும் மாறிவிடும். பிறகு டிரைவிங் ஸ்கூல் பரீட்சைகளில் ஏன் தோற்கிறோம் என்று தெரியாமல் திணற வேண்டி வரும்.

அந்த டிரைவிங் ஸ்கூல், சான் ஃபியரோ நகரத்தின் டொஹர்ட்டியில் இருக்கிறது, கேமின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. 12 பரீட்சை, ஒவ்வொன்றிலும் 70 புள்ளிக்கு வெண்கலம், 85க்கு வெள்ளி, 100க்குத் தங்கம். நகரத்தின் மறு பக்கத்துக்குப் போய்க் குறித்த நேரத்துக்குள் கீறல் படாமல் திரும்பி வர வேண்டிய பரீட்சை ஒன்று உண்டு. பெரும்பாலானோர் அதில் வேகத்தால் தோற்கிறார்கள். சான் ஃபியரோ மேடும் பள்ளமுமான நகரம். மேட்டு உச்சியில் முழு வேகத்தில் போனால் நான்கு ரயரும் நிலத்தை விட்டுக் கிளம்பும், அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிறேக்கும் வேலை செய்யாது, இறங்கும் இடத்தில் ஏதாவது வாகனம் நிற்கும். உச்சிக்கு முன் அக்சிலரேட்டரை விட்டு, ரயர் நிலத்தில் பதிந்த பிறகு மறுபடி அழுத்துங்கள். அது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கீபோர்டில் ஓடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கீயில் அரைவாசி கிடையாது, அழுத்தினால் முழு ஸ்டியரிங், விட்டால் ஒன்றுமில்லை. ஆகையால் வளைவில் கீயை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டித் திருப்ப வேண்டும். பின்சில்லால் இழுக்கும் கார்கள் திரும்பும்போது சுழல்வதற்குக் காரணமும் முழு அக்சிலரேட்டர்தான். வளைவின் நடுப்பகுதி வரும் வரை அதைத் தட்டிக்கொண்டே இருங்கள், கார் நேரான பிறகு அழுத்திப் பிடியுங்கள். கொன்ட்ரோலர் வாங்குவதென்றால் பின்னாலுள்ள இரண்டு ட்ரிகரும் மெல்ல மெல்ல உள்ளே போகிற வகையா என்று கடையிலேயே பாருங்கள். மலிவானவை பலவற்றில் அவை வெறும் சுவிட்சுகள். அதற்குக் காசு கொடுத்தாலும் அக்சிலரேட்டர் கீபோர்ட் மாதிரியேதான் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வீதி காணாமல் போவது, கட்டடம் மெழுகு போல உருகித் தெரிந்து பிறகு தெளிவாவது, ஒரு செக்கன் இறுகி நின்று பிறகு பாய்வது, இதெல்லாம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் மந்தம். நகரத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே ஓடும் கேமுக்கு முன்னால் உள்ள துண்டு நேரத்துக்கு வந்து சேரவில்லை. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்று போட்டால் தீரும். அதுவரை ‘டிரோ டிஸ்டன்ஸ்’ (எவ்வளவு தூரம் வரை வரைவது) என்பதைப் பாதிக்குக் குறைத்து, பிரவுசரை மூடிவிட்டு ஓடுங்கள். இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு மந்தமானால் அது சூடு. நம் பக்கத்துச் செம்மண் தூசு சோளகக் காலத்தில் காற்றாடிக்குள் போய்ப் படிந்துவிடும். கீழ் மூடியைக் கழற்றி, காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பிறஷால் துடைத்து எடுங்கள். பிடிக்காமல் காற்றடித்தால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பழுதாகலாம். லெப்டொப்பின் பின் பக்கத்தை ஒரு கொப்பி அளவு உயர்த்தி வைத்தாலே சூடு குறையும்.

டேட்டா விஷயத்தில், ‘ஜீடிஏ 5’ போன்றவை நூறு ஜிபிக்குக் கிட்ட வந்துவிட்டன, ஆகவே ஊரில் ஒருவர் எடுத்தால் போதும் என்று திட்டமிடுங்கள். ஸ்டீமில் 2023 முதல் ஒரே வைஃபையில் இருக்கும் கம்பியூட்டர்களுக்கிடையில் கேமை மாற்றும் வசதி உண்டு. இணையத்திலிருந்து ஒரு சிறு பகுதி மட்டுமே வரும். அவரவர் கேமை வாங்கியிருக்க வேண்டும், பிரதி எடுப்பது கோப்புகளை மட்டும்தான். இரவு நேரத்துக்கென்று தனி டேட்டா தரும் பக்கேஜ் என்றால் அப்டேட்டுகளை அந்த நேரத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்கவும் ஸ்டீமில் இடமுண்டு. எப்போதும் ஒன்லைனில் இருந்தால்தான் ஓடும் கேம்களை, உதாரணமாக 2015இன் ‘நீட் ஃபோர் ஸ்பீட்’, 2024இன் ‘டெஸ்ட் டிரைவ் அன்லிமிட்டட் சோலர் கிரவுன்’, சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இருப்பவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது. அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘தி க்ரூ’ என்ற கேம் 2014இல் முழு அமெரிக்காவையும் சுருக்கித் தந்தது. 2024 மார்ச் 31இல் சேர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஓடுவதற்காகக் காசு கொடுத்து வாங்கியவர்களும் அன்றோடு வெளியே. ஒருவர் பாடமாக்கிய நகரத்தைப் பூட்டி எடுத்துக்கொண்டு போவது அநியாயம்.

போனில் ஓடுவதென்றால் ‘சான் அன்ட்ரியாஸ்’ 2013 முதல் இருக்கிறது. சார்ஜ் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், சூட்டில் போன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘பஸ் சிமியூலேட்டர் இந்தோனேசியா’ நம் பிள்ளைகளுக்குப் பிடித்ததற்குக் காரணம் தெளிவு: இடது பக்கப் போக்குவரத்து, ஹோர்ன், நம் லேலண்ட் பஸ் போல வரைந்த மொட்கள் (கேமில் சேர்க்கும் கூடுதல் கோப்புகள்). ஆனால் நுணுக்கம் கூடிய மொட்கள் ரம் குறைந்த போனில் கேமையே மூடிவிடும்.

வீட்டில் சின்னவர்கள் இருந்தால் ஒன்று. ஜீடிஏ வரிசை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது, அந்தத் தரப்படுத்தல் சரியானது. அவர்களுக்கு ‘ஃபோர்சா ஹொரைசன்’ வரிசை பொருந்தும். 2018இன் நான்காவது கேமில் எடின்பரோ நகரம் மிக அழகாக வந்திருக்கிறது.

கடைசியாக லைசென்ஸ். கேம் சந்திகளை முன்கூட்டிப் பார்க்கவும், முன் வாகனத்தின் பிறேக் லைட்டைக் கவனிக்கவும் கண்ணைப் பழக்கும். கிளச்சும் கண்ணாடி பார்ப்பதும் பழக்காது. முக்கியமான பிரச்சினை, பெரும்பாலான கேம் நகரங்கள் அமெரிக்கப் பாணி, வலது பக்கம் ஓடுபவை. ட்ரயலுக்குக் கிட்டிய மாதங்களில் இடது பக்கம் ஓடும் கேம்களுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஹொங்கொங்கில் நடக்கும் ‘ஸ்லீப்பிங் டோக்ஸ்’ (2012), பிரித்தானியாவில் நடக்கும் ‘ஃபோர்சா ஹொரைசன் 4’, லண்டனில் நடக்கும் ‘வோட்ச் டோக்ஸ் லீஜன்’ (2020) எல்லாம் இடது பக்கம்தான். ஓடப் பழகுவதற்கென்றே செய்யப்பட்ட ‘சிட்டி கார் டிரைவிங்’ இலும் இடது பக்கப் போக்குவரத்தைத் தெரிவு செய்யலாம். அதில் சிக்னல் போடாமல் திரும்பினாலும் பிழை காட்டும்.

வேகத்தைப் பற்றிய கணிப்பை மட்டும் கேமிலிருந்து வீதிக்குக் கொண்டுவர வேண்டாம். கேமில் 120 சாதாரணம். நம் வீதியில் காருக்கு ஊர்ப்பகுதிக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் சட்டம், மணிக்கு 70 என்பது செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் இரவில் வீதியில் மாடு படுத்திருக்கும். குறைந்த வெளிச்சத்துக்கு மாற்றிய ஹெட்லைட் எட்டுகிற தூரம் கிட்டத்தட்ட நாற்பது மீற்றர். கண்டதும் காலைத் தூக்கி பிறேக்கில் வைக்கும் ஒரு செக்கனிலேயே அதில் பாதி போய்விடும். எந்த நகரக் கேமும் இதைப் பழக்குவதில்லை. இதைப் பழக்க உங்களுக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் இருந்து, இரவில் 50க்குள் ஓட்டிக் காட்ட வேண்டும்.